மணிமுத்தாற்றில் போடு, கமலாலயத்தில் எடு

விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் ஒரு பொருளைப் போட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்பதில் பூகோளத்துக்குக் குழப்பமே கிடையாது. கூடலையாற்றூர் வரை போய் வெள்ளாற்றோடு கலக்கும். வெள்ளாறு சேத்தியாத்தோப்பைத் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழும். மீனவர் யாருக்காவது அதிர்ஷ்டம் இருந்தால் வலையில் மாட்டும். திருவாரூருக்கும் இந்தத் தண்ணீருக்கும் ஸ்நானப்பிராப்தி கூட இல்லை. நடுவில் கொள்ளிடமும் காவிரியும் அதன் பிள்ளை குட்டிகளும் குறுக்கே படுத்திருக்கின்றன. தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

ஆனாலும் சுந்தரமூர்த்தி நாயனார் 12,000 பொன்னை இந்த ஆற்றில்தான் போட்டார். போய் எடுத்தது திருவாரூர்க் கமலாலயக் குளத்தில். "ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற கதை" என்று இன்றைக்கும் நாம் அசட்டுக் காரியத்தைக் கேலி செய்கிறோமே, அந்தக் கேலியின் சொந்த ஊர் எங்கள் ஊர். இப்போது வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைப் பீங்கானால்தான் தெரியும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே கிடைக்கிற களிமண் இங்கே வந்து அகல்விளக்காகவும் பொம்மையாகவும் பியூஸ் கட்டையாகவும் சூளையிலிருந்து வெளியேறுகிறது. சுந்தரர் காலத்தில் பீங்கான் இல்லை. பொன்தான்.

நடந்தது இது. ஊருக்கு அப்போது திருமுதுகுன்றம் என்று பெயர். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம் என்று எல்லாவற்றையும் ஐந்தைந்தாக வைத்திருக்கிற பழமலைநாதர் கோயிலில் சுந்தரர் பதிகம் பாடினார். பாடிவிட்டுப் பொன் கேட்டார். மற்ற நாயன்மார் முக்தி கேட்பார்கள். இவர் ரொக்கம் கேட்பார். பெரியபுராணம் இதை ஒளித்து மறைக்கவில்லை, நாம் ஏன் மறைக்க வேண்டும்? பொன்னும் வந்தது. வந்த பிறகு அடுத்த விண்ணப்பம் போட்டார்: இதை நான் சுமந்துகொண்டு போக முடியாது, திருவாரூர்க்காரர்கள் பார்த்து வியக்கும்படி அங்கே கிடைக்க வேண்டும். ஆற்றில் போடு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவாயிற்று.

சாலை வழியே போவதற்குச் சுந்தரர் தயங்கியதில் தப்பில்லை. பிற்பாடு சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னை ஆள் வைத்துச் சுமந்து வந்தபோது திருமுருகன்பூண்டியில் வழிப்பறி நடந்தது. பறித்தவர்கள் வேடர் வேஷத்தில் வந்த சிவபூதங்கள். அதாவது டெலிவரி கம்பெனியே கொள்ளைக் கம்பெனி. ஆற்று வழி மேல் என்று அவருக்கு முன்கூட்டியே தோன்றியிருக்கலாம்.

இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரு வக்கீல் மேஜையில் வைத்தால் அவர் கேட்கும் கேள்விகள் மூன்று. கொடுக்க வேண்டியவர் தானே கொடுக்காமல் வேறு யார் மூலமாவது கொடுக்கலாமா? வாங்க வேண்டியவர் தன் பாத்தியதையை இன்னொருவருக்கு மாற்றலாமா? ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத, ஆனால் அந்தப் பொன் யார் வீட்டுச் செலவுக்குப் போகிறதோ அந்தத் திருவாரூர் மனைவி பரவையார், பொன் வராவிட்டால் சாமி மேல் பிராது போட முடியுமா? பதில் சொல்ல வேண்டுமானால் சாமிக்கும் சுந்தரருக்கும் நடுவில் உள்ள முதல் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்று பட்டம் உண்டு. அந்தத் தோழமை கோர்ட்டில் ஆரம்பித்தது.

இடம் புத்தூர். பந்தல் போட்டாயிற்று. மாப்பிள்ளை திருநாவலூர் நம்பி ஆரூரர், அதாவது நம் சுந்தரர்; பெண் சடங்கவி சிவாசாரியார் மகள். முகூர்த்த நேரத்தில் ஒரு கிழப் பிராமணர் குடையும் தடியுமாக வந்து, "உனக்கும் எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது, அதை முடித்துவிட்டுக் கல்யாணம் பண்ணு" என்கிறார். என்ன வழக்கு என்றால், "இவன் எனக்கு அடிமை. இவன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது." கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். பிராமணனுக்குப் பிராமணன் அடிமையாவது எந்த ஊர் வழக்கம், நீர் என்ன பித்தரா என்றார். கிழவர் அசரவில்லை. பித்தன் என்றாலும் சரி, பேயன் என்றாலும் சரி, வந்து வேலை செய் என்கிற தோரணை.

சுந்தரர் பாய்ந்து ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். ஆவணத்தை அழிப்பது இன்றைக்குத் தனிக் குற்றம். கிழவரோ இதை எதிர்பார்த்தே வந்திருக்கிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது, அதைச் சபையில் காட்டுகிறேன் என்றார். கல்யாண வீட்டுக்கு ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு வந்து ஒரிஜினலை வீட்டில் விட்டு வருகிற வாதி, அனுபவசாலி. சப்-கோர்ட் வராந்தாவில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தால்தான் இந்த ஞானம் வரும்.

வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போயிற்று. கிழவர் தன் ஊர் அதுதான் என்றார். அதாவது வாதியின் சொந்த ஊர்ச் சபையில் விசாரணை. சுந்தரர் அதற்குக் கூட ஆட்சேபணை சொல்லவில்லை, கிளம்பிவிட்டார். சபையார் வழக்கை நடத்தின விதத்தைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் எழுதியிருப்பதைப் படித்தால் 12ஆம் நூற்றாண்டில் ஒரு நல்ல சிவில் கோர்ட் எப்படி நடந்திருக்கும் என்று தெரியும். சேக்கிழார் சோழ அரசில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் என்று சும்மாவா சொல்கிறார்கள். சபை கேட்ட சாட்சியம் மூன்று வகை: வழக்கமாக நடந்துவருகிற அனுபோகம் உண்டா, பத்திரம் உண்டா, பார்த்தவர் உண்டா. கிழவர் மூல ஓலையை நீட்டினார். கரணத்தான் வாங்கி உரக்கப் படித்தான். திருநாவலூர் ஆரூரனாகிய நான், வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்கு, நானும் என் வம்சத்தாரும் வழிவழியாகத் தொண்டு செய்யச் சம்மதித்து எழுதிக் கொடுத்தேன் என்கிற விஷயம், கீழே சாட்சிக் கையெழுத்துகள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பேர் என்பது தமிழ்நாட்டில் எத்தனை பத்திரங்களைக் கெடுத்திருக்கிறது என்று பதிவு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

சபை அதோடு விடவில்லை. தாத்தா எழுதிய வேறொரு ஓலையைக் காப்பறையிலிருந்து வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தது. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 73ஆம் பிரிவில் கோர்ட்டுக்குக் கொடுத்த அதே அதிகாரம். இரண்டும் ஒன்று. நம்பி, நீர் தோற்றீர். போய் வேலை செய்யும் என்று தீர்ப்பு.

தீர்ப்புச் சரியா? சட்டப்படி படுமோசம். சுந்தரருக்கு ஒரு சுமாரான ஜூனியர் வக்கீல் கிடைத்திருந்தால் போதும். முதலில், ஓலையில் தாத்தாவுக்குக் கிடைத்த பிரதிபலன் என்ன? ஒரு காசும் எழுதியிருக்கவில்லை. பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்பது ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவு. இரண்டாவது, சித்தம் கலங்கியவரோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது. இங்கே எழுதி வாங்கியவர் பெயரே பித்தன். எதிர்வாதம் வாதியின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது, சபையில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். தாத்தா போட்ட கையெழுத்து பேரனைக் கட்டுமா? 37ஆம் பிரிவு, வாக்குக் கொடுத்தவர் செத்துப்போனால் வாரிசுகள் அதை நிறைவேற்ற வேண்டும் என்கிறது. ஆனால் அதன் கீழே இரண்டு உதாரணங்கள். சரக்குக் கொடுப்பதாகச் சொல்லிச் செத்தவரின் வாரிசு சரக்கைக் கொடுத்தாக வேண்டும். படம் வரைந்து தருவதாகச் சொன்ன ஓவியர் செத்துப்போனால் வாரிசை உட்காரவைத்து வரையச் சொல்ல முடியாது. கடன் சொத்தோடு வரும். கைத்திறன் வராது, உடம்பு உழைப்பும் வராது. அடிமை உழைப்பு படத்தைவிடச் சொந்தமானது. 1843ஆம் வருஷத்து ஐந்தாம் சட்டத்துக்குப் பிறகு எந்தக் கோர்ட்டும் ஒருவரை அடிமை என்று சொல்லி இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது. 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போய், முன்னோர் வழியாக வாரிசுமுறையில் வந்து சேர்ந்த கடமைக்காக உழைப்பதையும் கொத்தடிமை என்றே வரையறுக்கிறது. வெண்ணெய்நல்லூர் ஓலையை மனசில் வைத்துக்கொண்டு எழுதினார்களோ என்று சந்தேகம் வரும். சட்டம் எழுதியவர்கள் நினைத்தது செங்கல் சூளையையும் பண்ணை வயலையும்தான். சோழர் காலத்தில் பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் கோயிலுக்கு விற்று எழுதிக் கொடுத்தவர்களின் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தப் பேரன்கள் யாருக்கும் சபை கூடிக் கையெழுத்து ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. தோழர் பட்டமும் கிடைக்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு சபையார், இந்த ஊர்தான் என்கிறீரே, உம் வீடு எது என்று கேட்க, கிழவர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார். டிக்ரிதாரர் யார் என்று அப்போதுதான் புரிந்தது. சுந்தரர் பாட ஆரம்பித்தார், பந்தலில் திட்டிய அதே சொல்லையே முதல் சொல்லாக வைத்து. அன்றிலிருந்து அவர் பாட்டில் பாதி துதி, பாதி வசை. இந்தக் கட்டுரை சாமியிடம் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாக நடந்துகொண்டால் குருநாதர் அவர்தான்.

அந்தப் புத்தூர்ப் பெண்? தாத்தாவுக்கும் பித்தனுக்கும் நடுவில் நடந்த ஒப்பந்தத்தில் அவளுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, முழுச் சேதாரம் அவளுக்கு. சேக்கிழார் அவளுக்குப் பெயர் கூடக் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையையே நினைத்திருந்து சிவலோகம் போனாள் என்று போகிறபோக்கில் முடித்துவிடுகிறார். நஷ்ட ஈட்டை மறுமையில் கட்டிய முதல் வழக்கு இதுவாக இருக்கலாம். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் சடங்கவியார் என்ன சொல்லி அனுப்பினார் என்று எனக்கு ரொம்ப நாளாக யோசனை.

பாரத்தை மூன்றாம் ஆள் தலையில் கட்டுவது அநியாயம். லாபத்தை மூன்றாம் ஆளுக்குக் கொடுப்பது? அதற்குத்தான் முதுகுன்றம் வர வேண்டும்.

ஓர் ஊரில் கட்டி இன்னொரு ஊரில் வாங்குவதற்குத் தமிழ் வியாபாரிகள் வைத்திருந்த ஏற்பாடு உண்டியல். செட்டியார் கடையில் பணத்தைக் கட்டினால் சீட்டு எழுதித் தருவார்கள். சீட்டைப் பினாங்கிலோ ரங்கூனிலோ காட்டினால் அங்கே உள்ள கடை பணம் கொடுக்கும். கட்டின அதே நோட்டு கப்பலேறிப் போவதில்லை. கணக்குத்தான் போகிறது. அதனால் மணிமுத்தாறு பரங்கிப்பேட்டைக்கு ஓடுவது சுந்தரருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆற்றைக் கல்லாப்பெட்டியாக நினைத்தால் போதும். 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் முதல் பிரிவிலேயே, கீழைநாட்டு மொழிகளில் எழுதின சீட்டுகளைப் பற்றிய உள்ளூர் வழக்கத்தில் நான் தலையிட மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறது. வெள்ளைக்காரனுக்கே உண்டியல் மேல் அவ்வளவு மரியாதை.

ஆனால் சுந்தரர் ஏமாளி இல்லை. பொன்னை ஆற்றில் போடுமுன் அதிலிருந்து ஒரு துண்டு மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். பெரியவர் மேல் அவ்வளவு நம்பிக்கை. மாதிரியைக் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அந்த மாதிரிக்குப் பொருந்த வேண்டும் என்று 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்வதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இவர் மச்சத்தோடு திருவாரூர் போய்ச் சேர்ந்தார்.

பரவையாரிடம் வா, குளத்தில் பொன் எடுக்கலாம் என்றார். முதுகுன்றத்து ஆற்றில் போட்டது இந்தக் குளத்தில் கிடைப்பதா, இது நடக்கிற காரியமா என்று பரவையார் சிரித்தார். புருஷன் சொல்லும் முதலீட்டுத் திட்டங்களைக் கேட்டுப் பழகின சிரிப்பு. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். அந்த ஐந்து வேலிக் குளத்தில் சுந்தரர் இறங்கித் துழாவினார். ஒன்றும் இல்லை. பெண்டாட்டி கரையில் நிற்கிறாள். இந்த நிலைமையில் எந்த மனிதனும் செய்வதை அவரும் செய்தார்: இவள் முன்னாலேயா என் மானத்தை வாங்குகிறீர் என்கிற பாவனையில் ஒரு பதிகம். பொன் வந்தது. கரையேறி மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு! மறுபடி பாட்டு. மாற்றுச் சரியாயிற்று. இந்தச் சோதனையின் ஞாபகமாகத் திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் இருக்கிறார். அப்பா கொடுத்த பொன்னைச் சரிபார்க்க மகனையே நடுநிலை மதிப்பீட்டாளராகப் போடுவது நம் ஊர்ச் சம்பிரதாயத்துக்கு விரோதமில்லை.

சரி, இரண்டாவது பாட்டும் பலிக்கவில்லை என்று வையுங்கள். பரவையார் கோர்ட்டுக்குப் போகலாமா? இங்கிலாந்து என்றால் போயிருக்க முடியாது. 1861ல் அங்கே ட்வெடில் என்று ஒருவர். அவருக்குக் கல்யாணமானபோது அவர் அப்பாவும் மாமனாரும் கூடிப் பேசி, அப்பா 100 பவுன், மாமனார் 200 பவுன் மாப்பிள்ளைக்குக் கொடுப்பது என்று எழுதிக்கொண்டார்கள். பணம் வராவிட்டால் மாப்பிள்ளை வழக்குப் போடலாம் என்றும் தெளிவாக எழுதினார்கள். மாமனார் கொடுக்காமல் கண்ணை மூடினார். மாப்பிள்ளை வழக்குப் போட்டார். நீ அந்த ஒப்பந்தத்தில் இல்லை, பிரதிபலனும் நீ தரவில்லை, போய் வா என்று கோர்ட் அனுப்பிவிட்டது. அவருடைய கல்யாணம், அவருடைய பணம், அவர் பெயரே போட்ட பத்திரம். ஆனாலும் அவர் மூன்றாம் ஆள்.

நம் பக்கத்தில் 1877ல் இதே மாதிரி ஒரு கல்யாணம், வடக்கே ஒரு முஸ்லிம் குடும்பத்தில். பெண்ணும் பிள்ளையும் மைனர்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் பெண்ணின் தகப்பனாருக்கு எழுதிக் கொடுத்தார்: மருமகளுக்கு மாசம் 500 ரூபாய் வெற்றிலைப் பெட்டிச் செலவு. 1877ல் மாசம் 500 ரூபாய்க்கு எத்தனை வெற்றிலை போட முடியும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். அது கௌரவத்தின் பெயர். சில வருஷத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு ஒத்துவரவில்லை, மருமகள் ஹுசைனி பேகம் வீட்டை விட்டுப் போனார். பாக்கி வெற்றிலைச் செலவைக் கேட்டு மாமனார் மேல் வழக்கு. மாமனார் லண்டன் வரை போய், ட்வெடிலைப் பாருங்கள், இவள் ஒப்பந்தத்தில் இல்லை என்றார். 1910ல் பிரிவி கவுன்சிலில் நீதிபதி அமீர் அலி தீர்ப்புச் சொன்னார். குழந்தைகளுக்குப் பெற்றோர் பேசிக் கல்யாணம் முடிக்கிற தேசத்தில் அந்த ஆங்கில விதியை அப்படியே போட்டால் அநியாயமாகும், பணத்தைக் கொடு என்று தீர்ந்தது. பரவையாருக்கு வக்காலத்துப் போடுகிறவர் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.

பிரதிபலன் கேள்விக்குச் சென்னை உயர் நீதிமன்றமே 1881ல் பதில் வைத்திருக்கிறது. ஓர் அம்மாள் தன் நிலத்தை மகளுக்குத் தானமாக எழுதி வைத்து, தன் சகோதரர்களுக்கு வருஷம் 653 ரூபாய் கொடுத்து வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். மகளும் அன்றைக்கே மாமன்களுக்குக் கரார் எழுதிக் கொடுத்தாள். நிலம் கைக்கு வந்ததும், மாமன்கள் எனக்கு என்ன கொடுத்தார்கள், நான் ஏன் கொடுக்க வேண்டும் என்றாள். நம் ஒப்பந்தச் சட்டம் பிரதிபலன் வாக்குப் பெற்றவரிடமிருந்தோ வேறு எவரிடமிருந்தோ வரலாம் என்கிறது. அம்மா கொடுத்த நிலமே போதும், மாமன்களுக்குப் பணத்தைக் கட்டு என்றது கோர்ட். மாமனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் தமிழ்நாட்டில் தப்பித்தவர் யார்?

ஆனால் இதெல்லாம் விதிவிலக்கு. ஒப்பந்தத்தில் இல்லாதவர் வழக்குப் போட முடியாது என்பதே பொதுவிதி என்று 1969ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. டிரஸ்ட், குடும்ப ஏற்பாடு மாதிரிச் சில வாசல்கள் மட்டும் திறந்திருக்கின்றன. விதியை மாற்றலாம் என்று 1958லேயே சட்டக் கமிஷன் எழுதிக் கொடுத்தது. அந்தப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. விதியைக் கண்டுபிடித்த இங்கிலாந்து 1999ல் தனிச் சட்டம் போட்டு அதைக் கைகழுவிவிட்டது. நாம் கைவிடவில்லை. விட்டுப்போனவர்களின் சாமானைப் பத்திரமாக வைத்திருப்பது நமக்குக் கைவந்த கலை.

இடையில் ஒரு விஷயம். கடன் பாத்தியதையை இன்னொருவருக்கு மேடோவர் செய்தால், எழுதிக் கொடுத்தவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதற்கு மேல் வாங்கியவருக்குக் கிடைக்காது என்பதைக் கிராமத்து வட்டிக்கடையிலும் தெரிந்துவைத்திருப்பார்கள். சிட்னியில் உள்ள கலைக்கூடத்துக்கு அது கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. எங்கள் பழமலைநாதர் கோயிலின் கல் அர்த்தநாரீஸ்வரர் திருட்டுப் போய், சுபாஷ் கபூர் என்கிற வியாபாரி மூலம் 2004ல் அங்கே விற்கப்பட்டார். காகிதமெல்லாம் ஜோராக இருந்தது. 2014ல் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது அர்த்தநாரீஸ்வரரை மோடியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். வெண்ணெய்நல்லூர்ச் சபை மாதிரி மூல ஓலையைக் காப்பறையில் தேடிப் பார்த்திருந்தால் பத்து வருஷம் மிச்சம்.

இனி, தன் வேலையை இன்னொருவர் தலையில் கட்டுவது. இதில் எங்கள் பீங்கான் சூளைகள் சட்டப் புத்தகத்துக்கு நல்ல உதாரணம். பத்தாயிரம் அகல் அனுப்புகிறேன் என்று ஒருவர் ஆர்டர் எடுத்து, அச்சில் வார்ப்பதை ஒரு பட்டறையிலும் சுடுவதை இன்னொரு சூளையிலும் விட்டால் வாங்குகிறவர் வாயைத் திறக்க முடியாது. அகல் அகலாக வந்தால் சரி. ஆனால் ஒரு குறிப்பிட்ட கலைஞர் கையால் செய்த பொம்மை வேண்டும் என்று பேசியிருந்தால் மைத்துனரை உட்காரவைத்துச் செய்து அனுப்ப முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான். வேலையை மாற்றினாலும் பொறுப்பு மாறாது. அகல் விரிசல் விட்டால் ஆர்டர் எடுத்தவர் சட்டையைத்தான் பிடிப்பார்கள். உரிமையை மாற்றிக் கொடுக்கலாம், எதிராளி சம்மதிக்காமல் கடமையைத் தள்ளிவிட முடியாது என்று 1962ல் ஒரு சணல் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது.

இந்தக் கலையில் சிவபெருமானை மிஞ்ச ஆள் கிடையாது. குண்டையூர்க் கிழார் என்பவர் சுந்தரர் வீட்டுக்கு நெல்லும் பருப்பும் அளந்துவந்தார். மழை பொய்த்தது, அளக்க முடியவில்லை. சாமி குபேரனிடம் சொல்ல, குபேரன் குண்டையூரில் நெல்லை மலையாகக் குவித்தான். கிழார் அதைச் சுந்தரரிடம் ஒப்படைத்தார். மனுஷனால் சுமக்க முடியாத மலை. சுந்தரர் பக்கத்துத் திருக்கோளிலிக்குப் போய், கொடுத்தால் போதுமா, சுமக்க ஆள் யார் கொடுப்பது என்று பாடினார். (திருக்கோளிலி என்பது திருக்குவளை. 1924ல் அங்கே பிறந்த ஒருவரும் தமிழில் கேட்டு வாங்குவதில் தேர்ந்தவர்.) சாமி அந்த வேலையைப் பூதங்களிடம் விட்டார். பூதங்கள் ராத்திரியோடு ராத்திரியாக நெல்லைத் திருவாரூரில் கொட்டின. பரவையார் வீடு நிரம்பி, தெருவெல்லாம் நிரம்பி, காலையில் நடக்க வழியில்லை. பரவையார் பறையறையச் சொன்னார்: அவரவர் வீட்டு எல்லைக்குள் கிடக்கிற நெல் அவரவருக்கு. சாமி, குபேரன், கிழார், சுந்தரர், பூதம், பரவை, ஊர் என்று ஏழு கை மாறிய ஒரே ஒப்பந்தத்தில் ஒரு வழக்கும் வராமல் போனதற்குக் காரணம் அந்தக் கடைசி ஒரு வரி அறிவிப்புத்தான். எல்லையைச் சொல்லிக் கொடுத்தாள் மகராசி. நம் ஊரில் தானபத்திரம் எழுதுகிறவர்கள் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாத் தரகும் இப்படிச் சுகமாக முடியவில்லை. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பார்த்துச் சுந்தரர் சொக்கிப்போனார். சாமியே தரகு. சங்கிலியார் விவரமான பெண்; திருவாரூரில் ஒரு வீடு இருப்பது தெரியும், பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்லுங்கள் என்றார். சுந்தரர் சாமியிடம் தனியாக, நான் சன்னதிக்குச் சத்தியம் செய்ய வரும்போது நீர் உள்ளே இருக்க வேண்டாம், மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்றார். ஆகட்டும் என்று தலையாட்டிய சாமி நேரே சங்கிலியார் கனவில் போய், மகிழமரத்தடியில் சத்தியம் வாங்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிற வீட்டுத் தரகர் கூட இவ்வளவு துணிய மாட்டார். மறுநாள் தோழிப் பெண்கள் சன்னதி வேண்டாம், மரத்தடி போதும் என்றதும் சுந்தரர் முகம் எப்படி இருந்திருக்கும்! மூன்று முறை மரத்தைச் சுற்றி வந்து சத்தியம் செய்தார். வசந்த காலம் வந்தது, திருவாரூர் ஞாபகம் வந்தது, எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. ஒப்பந்தத்தை மீறினால் நஷ்ட ஈடு நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்று 74ஆம் பிரிவு சொல்வது அப்போது அமலில் இல்லை. காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் ஒரு கண் என்று தவணையில் திரும்பக் கிடைத்தது.

கண் கிடைத்தது, வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஒற்றியூர்ச் சமாசாரம் பரவையார் காதுக்கு எட்டியிருந்தது. அந்தச் சத்தியத்தில் அவர் கையெழுத்தும் இல்லை, அவரை யாரும் கேட்கவும் இல்லை. பாரம் மட்டும் வந்து சேர்ந்தது, புத்தூர்ப் பெண்ணுக்கு வந்த மாதிரியே. ஒரு வித்தியாசம், பரவையார் சிவலோகத்துக்குக் காத்திருக்கத் தயாராக இல்லை. சுந்தரர் சமாதானம் பேசும் வேலையைச் சாமியிடம் விட்டார். நடு ராத்திரியில் சாமி அர்ச்சகர் வேஷத்தில் போனார். முடியாது என்று பரவையார் சொல்லிவிட்டார். கடனைத் தீர்க்க மூன்றாம் ஆள் வந்தால் ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் வாங்குகிறவர் இஷ்டம். 41ஆம் பிரிவு ஏற்றுக்கொண்டால் மட்டுமே பேசுகிறது. சாமி திரும்பி வந்து காரியம் ஆகவில்லை என்றார். சுந்தரர் விடவில்லை, இன்னொரு தடவை போம் என்றார். இரண்டாம் தடவை சாமி வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பூதகணங்களோடு சொந்த உருவத்தில் போய் நின்ற பிறகே பரவையார் இறங்கி வந்தார்.

வெண்ணெய்நல்லூர் ஓலைப்படி ஏவல் வேலை செய்ய வேண்டியவர் பேரன். அன்றைக்குத் திருவாரூர்த் தெருவில் இரண்டு தடவை நடந்தவர் ஓலையை வைத்திருந்தவர். நடைக்கூலி கேட்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை.